தீவனத் தொட்டியில் ஒரு சிட்டிகை மருந்து

ஒரு டன் தீவனத்துக்கு 30 கிராம் மருந்து. இந்த அளவைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். ஒரு டன் என்பது நூறு கிலோ மூட்டைகள் பத்து. பத்து மூட்டைத் தானியத்தில் ஒரு கைப்பிடிக்கும் குறைவான பொடி. நன்றாகக் கலந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆயினும் அந்தத் தீவனத்தைத் தின்னும் மாடு, முன்பு பெற்ற அதே எடையைப் பெறுவதற்கு நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைவாகத் தின்றால் போதும். ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ தீவனம் தின்னும் என்று கொண்டால், ஒரு லட்சம் மாடுகள் உள்ள அமெரிக்கப் பட்டி ஒன்றில் நாள்தோறும் ஏறக்குறைய 60 டன் தானியம் மிச்சம். அதாவது தினமும் ஆறு லாரி.

இம்மருந்தின் பெயர் மோனென்சின். இதற்கு முன்பு அந்த இடத்தில் வேறு மருந்துகள் இருந்தன. இப்போது இதையும் மற்றவற்றையும் அகற்றிவிட்டு வேறொன்றை வைக்க முடியுமா என்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தேடலின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இயற்பியல் பாடம் நடத்துகிறவனுக்கு மாட்டின் வயிற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மின்னழுத்தம், அயனிகள், ஆற்றல் வரவுசெலவு எல்லாமே அங்கே நடக்கின்றன. பார்க்காமல் போக மனம் வரவில்லை.

பட்டியும் வயிறும்

அமெரிக்காவில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடு பிறப்பது புல்வெளியில். ஏறக்குறைய ஒரு வயதில் அதைப் பட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே நான்கு முதல் ஆறு மாதம் வரை தானியத் தீனி கொடுத்துக் கொழுக்கவைத்து விற்கிறார்கள். இப்பட்டிக்கு ஃபீட்லாட் என்று பெயர். இது பழமையான வழக்கம் அல்ல. கொலராடோ மாநிலத்தில் கிரீலி என்னும் ஊரில் வாரன் மான்ஃபோர்ட் 1930-ல் சிறிய அளவில் தொடங்கிய பட்டி, பிற்காலத்தில் ஒரே இடத்தில் ஒரு லட்சம் மாடுகளைக் கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட டெக்சாஸ் சமவெளியில் ஆழ்கிணற்று நீரைக் கொண்டு சோளம் விளைந்தபோது பட்டிகளும் அந்தச் சோளத்தைத் தேடி அங்கே சென்றன.

பட்டியில் கொடுக்கும் தீவனத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு தானியமும் அதைச் சார்ந்த பொருள்களும்தான். வைக்கோல் போன்ற நார்த்தீனி மிகக் குறைவு. ஆனால் மாட்டின் வயிறு புல்லுக்காக அமைந்தது. ரூமன் எனப்படும் அதன் முதல் இரைப்பை ஏறக்குறைய நூறு லிட்டர் கொள்ளும் ஒரு நொதிக்கலன். வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸ். உள்ளே ஆக்சிஜன் இல்லை. அங்குள்ள நீர்மத்தின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியங்கள் வாழ்கின்றன. நம் கிராமங்களில் உள்ள சாண எரிவாயுக் கலனைப் பார்த்திருப்பீர்கள். அது ரூமனுக்குத் தம்பி முறை எனலாம்.

மாடு தின்னும் மாவுப்பொருளும் நார்ப்பொருளும் இங்கே குளுக்கோசாக உடைகின்றன. அந்தக் குளுக்கோசை மாடு நேரடியாகப் பெறுவதில்லை. பாக்டீரியங்கள் முந்திக்கொண்டு அதைத் தின்று கழிவாக அமிலங்களை வெளியேற்றுகின்றன. அந்தக் கழிவுதான் மாட்டின் உணவு! இந்த அமிலங்களுள் முக்கியமானவை இரண்டு: அசெட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம்.

இங்கே ஆற்றல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் குளுக்கோசை எரித்தால் சுமார் 2,800 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். பாக்டீரியா இதனை இரண்டு மோல் அசெட்டிக் அமிலமாக்கினால் நான்கு மோல் ஹைட்ரஜன் வாயு மிஞ்சும். ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தலே நின்றுவிடும். ஆகவே மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவுடன் சேர்த்து ஒரு மோல் மீத்தேனாக்குகின்றன. மாடு அதை ஏப்பமாக வெளியே விடுகிறது. ஒரு மோல் மீத்தேனில் 890 கிலோஜூல் இருக்கிறது. குளுக்கோசில் இருந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது ஏப்பத்தில் போய்விட்டது!

அதே குளுக்கோஸ் புரோப்பியானிக் அமிலமாக மாறினால், ஹைட்ரஜன் மிஞ்சுவதில்லை. மாறாக, வேறிடத்தில் உண்டான ஹைட்ரஜனும் அதில் செலவாகிறது. மீத்தேனுக்கு வேலையில்லை. ரூமனுக்குள் இரண்டு வழிகளும் ஒருங்கே நடப்பதால் மொத்த இழப்பு அவ்வளவு பெரிதன்று. தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் மீத்தேனாகப் போகிறது. தானியத் தீனியில் குறைவு, நார்த்தீனியில் அதிகம். ஆயினும் முதல் வழியை அடைத்து இரண்டாம் வழியைத் திறந்துவிட யாருக்குத்தான் ஆசை வராது?

குஞ்சுகளின் எடை

கதை தொடங்கியது மாட்டில் அன்று, கோழியில். 1940களில் ஒரு புதிர் இருந்தது. தானியமும் சோயாவும் மட்டும் தின்ற குஞ்சுகள் சவலையாயின. கொஞ்சம் மீன்தூளோ ஈரல் சாறோ சேர்த்தால் நன்கு வளர்ந்தன. விலங்குப் பொருள்களில் உள்ள ஏதோ ஒரு காரணி இதைச் செய்கிறது என்றார்கள். அது வைட்டமின் பி12 என்பது 1948-ல் புலனாயிற்று.

நியூயார்க் நகரை அடுத்த பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் இந்தக் காரணியை மலிவாகப் பெற வழி தேடினர். அதே நிறுவனத்தில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து உருவாகியிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், மிசூரி மாநிலத்துப் புல்வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொன்னிறப் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் தந்த மருந்து அது. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி இயக்குநர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களில் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் 53 வயதில் காலமானார். தம் நிறுவனத்தின் மருந்து கால்நடைத் தீவனத்துக்குள் புகுந்ததை அவர் பார்க்கவில்லை.

மருந்து எடுத்தபின் மிஞ்சும் நொதிச் சக்கையில் பி12 இருக்கும் என்று எண்ணிய ஜூக்ஸ் அதைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். 1948 கிறிஸ்துமஸ் நாளன்று குஞ்சுகளை நிறுத்துப் பார்த்தபோது, சக்கை தின்றவை ஈரல் சாறு தின்றவற்றையும் விஞ்சியிருந்தன. பி12 மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. சக்கையில் மிஞ்சியிருந்த மருந்தின் வேலை அது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1950 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. 1951-லேயே அமெரிக்க அரசு ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தீவனத்தில் கலக்க ஒப்புதல் கொடுத்தது. பன்றிக்கும் கன்றுக்கும் கொழுக்கும் காளைக்கும் அது பரவ அதிக நாள் ஆகவில்லை.

பென்சிலினைக் கண்ட அலெக்சாந்தர் ஃபிளெமிங் 1945-ல் நோபெல் பரிசுச் சொற்பொழிவிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். நுண்ணுயிரைக் கொல்லப் போதாத சிறு அளவில் மருந்தைக் கொடுத்தால், அம்மருந்துக்கு அஞ்சாத நுண்ணுயிர்கள் உருவாகும் என்பதே அது. தீவனத்தில் கலந்தது சரியாக அந்தச் சிறு அளவுதான். எச்சரிக்கைக்கும் ஒப்புதலுக்கும் இடையே ஆறு ஆண்டுகள்கூட இல்லை.

“இல்லை” என்று சொன்ன கருவி

மாட்டுப் பட்டிகளை உண்மையில் மயக்கியது ஆன்டிபயாட்டிக் அன்று, ஒரு ஹார்மோன். 1938-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் டாட்ஸும் அவருடைய குழுவினரும் பெண்மை ஹார்மோன் போலச் செயற்படும் டை-எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் பொருளைச் செயற்கையாகச் செய்தனர். சுருக்கமாக டி.இ.எஸ். என்பார்கள். விலை மிக மலிவு. வாய்வழியாகவே வேலை செய்யும். ஐயோவா மாநிலக் கல்லூரியின் வைஸ் பரோஸ், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அளவில் இதைக் காளைகளுக்குக் கொடுத்தார். அவை பத்து சதவீதத்துக்கும் மேல் வேகமாக எடை கூடின. 1954 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசு ஒப்புதல். ஒன்பதே மாதம்! சில ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டி மாடுகளில் பெரும்பாலானவை இதைத் தின்றன.

1958-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மனிதனிலோ விலங்கிலோ புற்றுநோய் உண்டாக்கும் எப்பொருளையும் உணவில் சேர்க்கலாகாது என்பது அதன் ஒரு பிரிவு. டி.இ.எஸ். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது அப்போதே தெரியும். ஆகவே 1962-ல் ஒரு சலுகை சேர்த்தார்கள்: அரசு ஏற்ற சோதனை முறையால் இறைச்சியில் எச்சம் காணப்படவில்லையென்றால் மாட்டுக்குக் கொடுக்கலாம்.

மாணவர்களே, இந்த வரியை மீண்டும் படியுங்கள். “காணப்படவில்லை” என்பது இறைச்சியைப் பற்றிய கூற்றா, கருவியைப் பற்றிய கூற்றா? அளவுகோலில் மில்லிமீட்டர் கோடுதான் உண்டென்றால் அதைவிடச் சிறிய தடிப்பு உங்களுக்குச் சுழி. திருகு அளவியை எடுத்தால் அதே தடிப்பு திடீரென்று “தோன்றும்”. டி.இ.எஸ். கதையில் நடந்தது இதுவே. கருவிகள் நுட்பமாக ஆக, முன்பு இல்லாதிருந்த எச்சம் ஈரலில் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில் தென்படத் தொடங்கியது. சட்டம் மாறவில்லை, மாடு மாறவில்லை. ஆய்வுக்கூடத்துக் கருவி மாறியது.

இதற்கிடையே 1971-ல் பாஸ்டன் நகர மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் ஒரு செய்தியை வெளியிட்டார். இளம்பெண்களிடம் மிக அரிதாகவே காணப்படும் ஒருவகைப் புற்றுநோய் எட்டுப் பேருக்கு வந்திருந்தது. அவர்களில் ஏழு பேரின் தாய்மார்கள், கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கருவுற்றிருந்த காலத்தில் டி.இ.எஸ். உட்கொண்டவர்கள். தாய்மார் உண்டது மாத்திரை. அதன் அளவு இறைச்சியில் இருக்கும் எச்சத்தைவிடப் பன்மடங்கு அதிகம். இதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் செய்திக்குப் பின் தீவனத்தில் அது நீடிக்க இயலவில்லை. 1972-ல் தீவனத்தில் தடை அறிவித்தனர். 1974-ல் நீதிமன்றம் நடைமுறைக் குறை காட்டித் தடைகளை நீக்கியது. 1979-ல்தான் இறுதியான தடை வந்தது.

சோடியத்தைச் சுமக்கும் படகு

பட்டி முதலாளிகள் டி.இ.எஸ்.-ஐ இழந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் மோனென்சின் வந்தது. அன்றைக்கு இதுவே புதிய மாற்று! எலை லில்லி நிறுவனத்தார் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து பெற்ற இப்பொருளின் அமைப்பு 1967-ல் வெளியாயிற்று. முதலில் கோழிகளின் இரத்தக் கழிச்சல் நோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது. 1975-ல் பட்டி மாடுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

இது வேலை செய்யும் முறை அழகானது. மோனென்சின் மூலக்கூறு ஒரு சங்கிலி. அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று பற்றி வளையமாகும்போது, உட்பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் ஒரு சோடியம் அயனியை அணைத்துக்கொள்கின்றன. வெளிப்பக்கம் எண்ணெய்த் தன்மை உடையது. உயிரணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனது. மின்னேற்றமுடைய அயனி தனியாக அச்சவ்வைக் கடக்க முடியாது. இந்தப் படகில் ஏறினால் கடந்துவிடும். திரும்பும்போது படகு ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்றிக்கொண்டு வரும்.

பாக்டீரியத்தின் சவ்வின் இருபுறமும் ஏறக்குறைய 0.1 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. இதென்ன, டார்ச் விளக்கு மின்கலத்தின் பதினைந்தில் ஒரு பங்குதானே என்று எண்ணாதீர்கள். சவ்வின் தடிப்பு சுமார் 8 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் வோல்ட். காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இந்த வேறுபாட்டையும் இருபுறத்து அயனிச் செறிவையும் காத்துக்கொள்ளத்தான் பாக்டீரியம் தன் வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. மோனென்சின் அணையில் ஓட்டை போடுகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே வருகின்றன. பாக்டீரியம் ஓயாமல் இறைத்து இறைத்துக் களைத்துப் போகிறது.

எல்லாப் பாக்டீரியங்களும் இப்படிக் களைப்பதில்லை. 1884-ல் டேனிஷ் மருத்துவர் கிராம் கண்ட சாயமேற்றும் முறைப்படி பாக்டீரியங்களை இரண்டு இனமாகப் பிரிப்பார்கள். (இந்தக் கிராமுக்கும் எடைக் கிராமுக்கும் உறவில்லை!) கிராம்-எதிர் இனத்துக்கு வெளியே இன்னொரு சவ்வுப் போர்வை உண்டு, படகு அதைத் தாண்டுவது கடினம். கிராம்-நேர் இனத்துக்கு அப்போர்வை இல்லை. நல்லகாலமாக, ஹைட்ரஜனையும் அசெட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் மிகுதியாகச் செய்வன பெரும்பாலும் கிராம்-நேர் இனத்தவை. புரோப்பியானிக் அமிலத்துக்கு வழிசெய்வன கிராம்-எதிர் இனத்தவை. முன்னவை தளர, பின்னவை ஓங்குகின்றன. மீத்தேன் குறைகிறது. முதலில் சொன்ன ஆறு லாரித் தானியம் இப்படித்தான் மிஞ்சியது. ஆனால் குதிரைக்கு இது கொடிய நஞ்சு. மாட்டுத் தீவனம் தவறி லாயத்துக்குப் போனால் இதயம் பழுதாகி இறந்துவிடும். மனித வைத்தியத்திலும் இதற்கு இடமில்லை.

கடைசியில் சொன்னது முக்கியம். மனிதனுக்குப் பயன்படாத மருந்து என்பதால், நம் நோய்க்கிருமிகள் அதற்குப் பழகிப்போனால் என்ன செய்வது என்ற அச்சம் இதில் குறைவு. மற்ற மருந்துகளின் நிலை வேறு.

பட்டியிலிருந்து படுக்கைக்கு

மருந்தை எதிர்க்கும் திறமையை ஒரு பாக்டீரியம் இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 1950களின் இறுதியில் சீதபேதிக் கிருமிகளில் கண்டனர். இங்கிலாந்தில் 1960களில் கன்றுகளிடையே பரவிய சால்மனெல்லா கிருமி ஒன்று பல மருந்துகளுக்கு அசையாமல் நின்றது, மனிதரையும் தொற்றியது. ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் அதைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்று காட்டினார். அரசு அமைத்த ஸ்வான் குழு 1969-ல் அறிக்கை தந்தது: மனித மருத்துவத்துக்கு வேண்டிய பென்சிலின், டெட்ராசைக்ளின் போன்றவற்றை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது. 1971-ல் பிரிட்டன் அதைச் செயல்படுத்தியது.

அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977-ல் இதே போன்ற தடையை முன்மொழிந்தது. மேலும் ஆராயுங்கள் என்று நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பது அங்கே முடிவுக்கு வந்தது 2017 ஜனவரி 1-ல். சரியாக நாற்பது ஆண்டு! பாடநூல் எழுதும் வேகத்தைக் குறை கூறும் நாம் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

ஐரோப்பாவில் சுவீடன் 1986-ல் வளர்ச்சி மருந்துகள் அனைத்தையும் விலக்கியது. டென்மார்க்கில் அவோபார்சின் என்ற தீவன மருந்தால் விபரீதம் விளைந்தது. வேறெந்த மருந்தும் பலிக்காதபோது மருத்துவர்கள் நாடும் வான்கோமைசினுக்கு அது உறவினன். ஒன்றை எதிர்க்கப் பழகிய கிருமி மற்றதையும் எதிர்க்கும். 1994-ல் டென்மார்க்கில் மனிதருக்குக் கொடுத்த வான்கோமைசின் 24 கிலோ. விலங்குகளுக்குக் கொடுத்த அவோபார்சின் 24,000 கிலோ. ஆயிரம் மடங்கு! 1995-ல் டென்மார்க்கும் 1997-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதைத் தடுத்தன. 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக் அனைத்தும் அங்கே தடைபட்டன. மாட்டுத் தீவனத்து மோனென்சினும் அவற்றோடு போயிற்று.

ஈரலில் சீழ்

வளர்ச்சிக்காகக் கொடுப்பது நின்றது. நோய்த்தடுப்புக்காகக் கொடுப்பது நிற்கவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் பட்டி மாட்டின் ஈரலைப் பார்த்தால் அறியலாம்.

தானிய மாவு ரூமனில் விரைந்து நொதிக்கும். அமிலம் பெருகும். ரூமனின் உட்சுவர் புண்ணாகும். ஃபியூசோபாக்டீரியம் என்னும் கிருமி அப்புண் வழியே இரத்தத்தில் கலந்து ஈரலைச் சேர்ந்து சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். பட்டிகளில் பத்து மாடுகளில் ஒன்று முதல் மூன்று வரை இந்நிலையில் இருப்பதுண்டு. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டி. ஜி. நாகராஜா என்னும் நம் நாட்டு வம்சாவளி அறிஞர் இந்நோயின் போக்கைப் பல்லாண்டு ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். டைலோசின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்தால் கட்டிகள் 40 முதல் 70 சதவீதம் குறைகின்றன. ஆனால் டைலோசின், நாம் உட்கொள்ளும் எரித்ரோமைசினின் இனம். 2017 முதல் அமெரிக்காவில் கால்நடை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான உத்தரவு இருந்தால்தான் அதைக் கலக்கலாம்.

என் கருத்தை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நோய் மாட்டில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. தானியத்தைக் குறைத்து நார்த்தீனியைக் கூட்டினால் கட்டிகள் குறையும். பட்டிக்கு வந்த மாட்டைப் புல்லிலிருந்து தானியத்துக்கு மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக மாற்றினால் அமிலத் தாக்குதல் குறையும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் வைக்கோல் இடத்தை அடைக்கும், ஏற்றிவரச் செலவு, கலக்கும் பொறியில் சிக்கும், கிலோவுக்குக் கிடைக்கும் ஆற்றலும் குறைவு. ஆகவே தானியத்தைக் குறைக்காமலே தானியத்தின் தீமையைக் குறைக்கும் ஒரு பொருள் வேண்டும் என்கிறார்கள். மாற்றுத் தேடல் என்பதில் பெரும்பகுதி இதுதான்.

நுண்ணுயிரும் மூலிகையும்

மருந்தால் நுண்ணுயிரைக் கொல்வதற்குப் பதிலாக நல்ல நுண்ணுயிரை ஊட்டினால் என்ன? இதற்கு நெஞ்சை அள்ளும் முன்னுதாரணம் ஒன்று உண்டு. நம் ஊரில் சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் வழங்கும் மரத்தின் தழையை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். ஆஸ்திரேலியாவில் அதை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. தழையில் உள்ள மைமோசின் என்ற நஞ்சு காரணம். ஹவாய்த் தீவு ஆடுகளுக்கோ அதே தழை ஒன்றும் செய்யவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் சிந்தித்தார்: வேறுபாடு ஆட்டில் இல்லாமல் அதன் ரூமன் நுண்ணுயிரில் இருந்தால்? 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் ரூமன் நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஊட்டினார்கள். நஞ்சு முறிந்தது. சில மாடுகளுக்கு ஊட்டினால் மந்தை முழுவதும் தானே பரவியது. அந்தப் பாக்டீரியத்துக்கு 1992-ல் ஜோன்ஸின் பெயரையே சூட்டினார்கள்.

பட்டி மாட்டுக்கும் இவ்வழியில் முயன்றார்கள். 1950களில் ஆட்டின் ரூமனில் கண்டு, எல்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிஞரின் பெயரிடப்பட்ட ஒரு பாக்டீரியம், லாக்டிக் அமிலத்தையே தின்று வாழ்வது. தானியத்துக்கு மாறும் முதல் நாட்களில் அதை வாயில் ஊற்றினால் அமிலம் தேங்குவது குறைகிறது. இன்னொரு பயன் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1993-ல் மேற்கு அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி வடையைத் தின்ற எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்தனர். ஓ-157 என்னும் ஈ.கோலி கிருமி, மாட்டின் குடலில் அதற்குத் தீங்கின்றி வாழ்வது. தயிர்க் கிருமிக்கு உறவான ஒரு லாக்டோபாசிலசைத் தீவனத்தில் கலந்தபோது, அக்கிருமியை வெளியேற்றும் மாடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானதை டெக்சாஸ் ஆய்வாளர்கள் கண்டனர்.

அடுத்து, நம் அஞ்சறைப் பெட்டி. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், கிராம்பின் யூஜெனால், பட்டையின் சின்னமால்டிஹைடு, பூண்டின் சத்து எல்லாமே பாக்டீரியங்களைத் தடுக்கும். கண்ணாடிக் குடுவையில் எடுத்த ரூமன் நீரில் இவை அற்புதம் செய்தன. மாட்டுக்குள் சென்றபோது அற்புதம் சுருங்கிவிட்டது. குடுவையில் கொடுத்த செறிவை நூறு லிட்டர் வயிற்றில் கொண்டுவருவது எளிதன்று. போதாததற்கு ரூமன் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் இவற்றுக்குப் பழகிவிடுகின்றன. “இயற்கையானது” என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். ஆரியோமைசினும் மோனென்சினும்கூட மண்ணிலிருந்து வந்தவைதாம்.

மீத்தேனைப் பூட்டுவது

இன்று பேசப்படும் மாற்றுகள் வளர்ச்சியைவிட மீத்தேனைக் குறிவைக்கின்றன. புவி வெப்பமடைவதில் அந்த ஏப்பத்துக்கும் பங்குண்டு. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு பண்ணைக்காரர், கரையொதுங்கிய கடற்பாசியைத் தின்ற தம் மாடுகள் நலமாயிருப்பதைக் கண்டார். ராபர்ட் கின்லி என்ற ஆய்வாளர் அதைச் சோதித்தபோது மீத்தேன் சற்றுக் குறைந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் பல பாசிகளை ஆராய்ந்ததில் அஸ்பராகாப்சிஸ் என்னும் செம்பாசி மற்றெல்லாவற்றையும் மிஞ்சியது. 2021-ல் வெளியான கலிபோர்னியச் சோதனை ஒன்றில் 147 நாட்கள் இதைத் தின்ற காளைகளில் மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்தது. பாசியின் ஆற்றல் அதில் உள்ள புரோமோஃபார்ம் என்னும் பொருளில் இருக்கிறது. அதை அளவோடு கையாள வேண்டும்; ஓசோன் படலத்தைத் தாக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

மற்றொன்று ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு வடித்தது: 3-நைட்ராக்சி புரோப்பனால். மீத்தேன் செய்யும் கடைசிப் படியிலுள்ள நொதியின் பூட்டில் நுழைந்து அடைத்துக்கொள்ளும் சாவி. பிரேசிலும் சிலியும் 2021-லும், ஐரோப்பிய ஒன்றியம் கறவை மாடுகளுக்கு 2022-லும், அமெரிக்கா அதே கறவை மாடுகளுக்கு 2024-லும் இசைவு தந்தன.

ஏப்பத்தில் போகும் ஆற்றலைத் தடுத்துவிட்டால் அது இறைச்சியாகும் என்று நாம் முன்பு கணக்குப் போட்டோம் அல்லவா? இங்கே அக்கணக்கு முழுதாக நிறைவேறவில்லை. மீத்தேன் குறைந்த விகிதத்தில் எடை கூடவில்லை. பூட்டப்பட்ட வழியில் போக இயலாத ஹைட்ரஜனில் ஒரு பகுதி புரோப்பியானிக் அமிலத்துக்குச் செல்லாமல் ஹைட்ரஜன் வாயுவாகவே ஏப்பத்தில் வெளியேறுகிறது. மோனென்சின் ஹைட்ரஜன் உண்டாவதையே குறைக்கிறது. இவை உண்டான ஹைட்ரஜனின் வாயிலை அடைக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. எடை கூடாவிட்டால் பட்டிக்காரர் எதற்காகப் பணம் கொடுத்து வாங்குவார் என்ற கேள்வி இதனால் எழுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்பொருள் ஒவ்வொரு கவளத்துடனும் உள்ளே போக வேண்டும். சில மணி நேரத்தில் கரைந்து தீர்ந்துவிடும். பட்டியில் தொட்டி உண்டு, கலக்கும் பொறி உண்டு. ஆனால் இறைச்சி மாடு அங்கே வாழ்வது கடைசி நான்கைந்து மாதம். அதுவும் மீத்தேன் குறைவாக உண்டாகும் தானியத் தீனியில். அதற்கு முன் அதுவும், ஆண்டு முழுவதும் அதன் தாயும் நார்த்தீனி தின்று மிகுதியாக மீத்தேன் விடுவது தொட்டியில்லாத புல்வெளியில். ரூமனின் அடியில் தங்கி மாதக்கணக்கில் மெல்லக் கரையும் கனமான குளிகைகளை இப்போது செய்து பார்க்கிறார்கள்.